அழைப்பின் பின்பாதி

பாரெகூராவுக்கு எதற்கும் பயம் கிடையாது என்று அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார்கள். தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் சக்கரம் மலை வளைவில் வெடித்தபோது பிள்ளைகளைப் புல்மேட்டில் உட்கார வைத்துவிட்டு, மழையில் நனைந்தபடி தானே கழற்றி மாட்டியவள் அவள். சின்ன வயதில் ஆட்டு ரோமம் வெட்டும் கூட்டத்தோடு வேலைக்குப் போய், குடித்துவிட்டு வம்புக்கு வந்த ஒருவனைத் துடைப்பத்தாலேயே கொட்டகைக்கு வெளியே தள்ளியவள். ஆனால் அவள் புருஷன் பாவோராவைக் கேட்டுப் பாருங்கள். மரம் வெட்டும் முகாமிலிருந்து அவன் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால், பூட்ஸைக் கழற்றுவதற்குள் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "தீபெனே ஆத்துப் பக்கம் போனானான்னு கேளு. எங்கிட்ட பொய் சொல்றான்." தீபெனே அவர்களுடைய கடைக்குட்டி, ஆறு வயது. நடக்கத் தெரிந்த கையோடு நீந்தவும் தெரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு நடுவே, கால் நனையாமல் வளர்ந்தவன் அவன் ஒருவன்தான்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் அம்மா மாகெரே ஒரு காலத்தில் அந்த ஆற்றோரம் முழுக்கப் பேர்போன கரங்காக்காரி. மராயே என்றால் ஒரு குலத்துக்குப் பொதுவான மண்டபமும் முற்றமும். அதன் வாசலில் விருந்தாளிகள் வந்து நின்றால், வீட்டுக்காரப் பெண் ஒருத்தி மண்டபத் தாழ்வாரத்தில் நின்று அவர்களைக் குரலெடுத்துக் கூப்பிடுவாள். விருந்தாளிகள் பக்கத்திலிருந்து ஒரு பெண் பதில் குரல் கொடுப்பாள். அதுதான் கரங்கா. அந்தக் குரல்களைப் பிடித்துக்கொண்டுதான் கூட்டம் முற்றத்துக்குள் நடக்கும், கூடவே இரண்டு பக்கத்துச் செத்தவர்களும் நடப்பார்கள். குரல் நடுவில் அறுந்துபோனால் அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது, ஃபாத்தி. உடைந்தது என்று அர்த்தம். உடைந்த கரங்கா சும்மா போகாது, ஒரு ஆளைக் கேட்கும் என்பார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். வாசலில் போய் நிற்கும்போது சிரித்த ஆளை நான் பார்த்ததில்லை.

பாரெகூராவுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது மேலாற்று மராயேவில் ஒரு சாவு. மாகெரேதான் போகிறவர்கள் பக்கத்துக் குரல். கறுப்புப் பாவாடை, தலையில் பச்சை இலை வளையம். மகளை ஓரடி பின்னால் நிறுத்திக்கொண்டாள். முன்பாதி, அதாவது உயிரோடு இருக்கிறவர்களுக்கான பதில், தன்னுடையது என்றும், இறந்தவர்களைக் கூப்பிடும் பின்பாதி மகளுடையது என்றும் துணி காயப்போடும் கொடியடியில் வைத்து அவளுக்குப் பழக்கியிருந்தாள். இந்த ஏற்பாடு அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அன்றைக்குப் பின்பாதி எழவே இல்லை. முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த மௌனத்தைக் கேட்டார்கள். சாப்பாட்டு மேசையில் மாகெரே தானாகவே எல்லோரிடமும் சொன்னாள்: "என் மூச்சு தீந்துபோச்சு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். என் தப்பு." பாரெகூராவும் அதையே நம்பிக்கொண்டாள். அந்த மாதம் முடிவதற்குள், விலாங்கு பிடிக்கப் போன அவள் மகன் எருவேராவை ஆறு கொண்டுபோய்விட்டது. பாரெகூராவின் தம்பி. எட்டு வயது.

அதற்கப்புறம் மாகெரே கரங்காவுக்கு வாயைத் திறக்கவில்லை. யாராவது கூப்பிடச் சொன்னால், "என் குரல் செத்துப்போச்சு, விடுங்க" என்பாள். மற்றப் பெண்கள் அவள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வாசலில் அவள் பக்கத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அவள் அதையும் பொறுத்துக்கொண்டாள். பாரெகூராவிடம் மட்டும் சாகும்வரை ஒரே பேச்சு: "நம்ம வீட்டுல இனி யாரும் கூப்பிட வேணாம்." பாரெகூரா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எந்த மராயேவுக்குப் போனாலும் கடைசி வரிசையில், உயரமான ஆள் யாராவது பார்த்து அவருக்குப் பின்னால் நின்றுகொள்வாள்.

அப்படிப்பட்டவளுடைய மூத்த மகள் வைமாரியேவுக்குக் கரங்காப் பைத்தியம் பிடித்தால் எப்படி இருக்கும்?

அந்த வருடம் பள்ளியில் பிள்ளைகளுக்கு மராயே முறைகளைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். வாத்தியார் ஹோஹெப்பா பையன்களுக்குப் பேச்சும், ரிரிபெட்டி டீச்சர் பெண்களுக்கு அழைப்பும். கோடை விடுமுறை முடிந்ததும் எல்லோரையும் மேலாற்று மராயேவுக்குக் கூட்டிப்போவது என்று முடிவு. பழகிப் பார்க்கப் பந்து விளையாடும் சிமெண்டுத் தளம்தான் முற்றம், சைக்கிள் கொட்டகைதான் பெரிய மண்டபம். மூக்கோடு மூக்கு ஒற்றி வணங்கப் பழக்கினால் இரண்டு தடியன்கள் நெற்றியை மோதிக்கொண்டு புடைக்க வைத்துக்கொண்டார்கள். ஒருவன், "சார், இவனுக்குச் சளி, நான் காத்துலயே ஒத்திக்கிறேன்" என்று பின்வாங்கினான். வாசற்படியில் உட்காராதே, தலையணையில் உட்காராதே, பேசுகிறவர் குறுக்கே போகாதே என்று ஹோஹெப்பா தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார். பாரெகூரா பேருந்தில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துச் சிரிப்பாள். வைமாரியே கொட்டகைக்கு முன்னால் வந்து நின்று வாயைத் திறந்ததும், சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேருந்து ஜன்னலை இழுத்து மூடுவாள்.

வீட்டிலும் அதே கதை. குளிக்கும் அறையிலிருந்து அந்தக் குரல் கேட்டால் கதவைத் தட்டுவாள்.

"நிறுத்துடி. தண்ணி குளிக்கத்தான், கத்தறதுக்கு இல்ல."

"கத்தலம்மா. பின்பாதி வரமாட்டேங்குது, அதான்."

"வராட்டி விடு. ரிரிபெட்டி கூப்பிடுவா. நீ கூட்டத்தோட கூட்டமா நட."

"பாட்டி மாதிரி குரல்னு டீச்சர் சொன்னாங்க."

பாரெகூரா அடுப்படிக்குப் போய், ஆறிப்போன தேநீரை அப்படியே குடித்தாள். எருவேராவின் கதை பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த வீட்டில் யாரும் மறைக்கவில்லை. தெரிந்தும் இந்தப் பெண்ணுக்கு ஏன் இந்த ஆசை என்றுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போகிற நாளும் வந்தது. காலையில் தூறல். பேருந்து நிறையப் பிள்ளைகள், முன் இருக்கையில் தீபெனே, கிதார், போர்வை மூட்டைகள், வழியெல்லாம் பாட்டு. ரிரிபெட்டி தன் காரில் நேரே வாசலுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். வாசலில் இறங்கிப் பார்த்தால் அவளைக் காணோம். பெண் பிள்ளைகள் முன்னால், பையன்கள் பின்னால் என்று ஹோஹெப்பா வரிசை கட்டி நிறுத்திக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கேட்டவர் முகம் மாறியது. பாரெகூராவிடம் வந்து மெல்லச் சொன்னார்.

"ரிரிபெட்டியோட பெரியப்பா காலையில தவறிட்டாராம். அவ அங்க போயிட்டா."

"அடப்பாவமே. அப்ப என்ன பண்றது?"

ஹோஹெப்பா அவளையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

"என்னைப் பாக்காதீங்க. நான் பஸ் ஓட்டறவ."

"மாகெரேயோட பொண்ணு நீ."

"அதனாலதான் சொல்றேன். வேணாம்."

"சரி, விடு. உள்ளேர்ந்து ஒரு பொம்பளைய நம்ம பக்கம் நிக்கச் சொல்லி இரவல் கேக்கறேன். வழக்கம்தான். ஒருத்தனை ஓடச் சொல்றேன்."

பாரெகூராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் ஓட ஆள் தேடுவதற்குள், மண்டபத் தாழ்வாரத்திலிருந்து, மாகெரே காலத்திலிருந்தே அந்த மராயேவில் கூப்பிடும் கரரைனா கிழவியின் குரல் எழும்பிவிட்டது. வாசலில் வரிசை நிற்பதைப் பார்த்தவள், ஆள் தயாராக இருக்கிறது என்று நினைத்துவிட்டாள். தூறலைக் கிழித்துக்கொண்டு அந்தக் குரல் வந்தது. வாருங்கள், புதுக் காலடிகளே, வாருங்கள், உங்கள் செத்தவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இனி பதில் போயாக வேண்டும். அழைத்த குரல் முற்றத்தில் தனியாக நிற்கக் கூடாது. பாரெகூரா வாயைத் திறந்தாள், நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தக் கணத்தில் முன் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. இளம் குரல், ஆனால் நடுங்காத குரல். வைமாரியே.

எட்டிப் பிடித்து இழுத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. இழுத்தால் அப்போதே அறுந்துவிடுமே. என்ன செய்ய முடியும்? தீபெனேவின் கையை இறுகப் பற்றிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். "வலிக்குதும்மா" என்று அவன் முனகினான். அவள் விடவில்லை. மகள் முன்பாதியை அழகாகத்தான் கூப்பிட்டாள், அதை யாரும் மறுக்க முடியாது. எங்களைக் கூப்பிட்ட தாயாரே, வந்தோம், பிள்ளைகளாக வந்தோம், கையில் ஒன்றுமில்லாமல் அன்போடு வந்தோம். வரிசை மெல்ல நகர்ந்தது. முற்றத்தின் நடுவில் எல்லோரும் நின்று தலை குனிந்தார்கள். அது செத்தவர்களுக்கான இடம். கரரைனா கிழவி இரண்டாம் முறை கூப்பிட்டாள், இப்போது அழுகை கலந்த குரலில். மலையேறிப் போனவர்களை, கடலுக்குள் போனவர்களை, ஆறு கொண்டுபோனவர்களை.

இனி பின்பாதி.

வைமாரியே மூச்சை இழுத்தாள். தோள் உயர்ந்தது. குரல் வரவில்லை. மகளின் பின்கழுத்து பாரெகூராவுக்கு நன்றாகத் தெரிந்தது, அதில் மழைத்துளி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. சமையற்கட்டுப் பக்கம் யாரோ ஒரு பாத்திரத்தை வைக்கும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. தீபெனே நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். போச்சு, போச்சு, போச்சு என்று அவளுக்குள் அடித்துக்கொண்டது. அவனை யார் கேட்கப் போகிறார்கள், எந்தத் தண்ணீர் கேட்கப் போகிறது என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

அப்போது ஒரு குரல் கேட்டது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. துணிக் கொடியடியில் பழகிய வார்த்தைகள் ஒன்றுகூட விட்டுப்போகாமல் வந்தன. உங்கள் இறந்தவர்களோடு எங்கள் இறந்தவர்களும் சேர்ந்து அழட்டும், சேர்ந்து போகட்டும், உயிரோடிருப்பவர்கள் உயிரோடிருப்பவர்களிடம் வரட்டும். முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்க்கத் துடித்தார்கள், ஆனாலும் திரும்பவில்லை. ஹோஹெப்பா நன்றாகத்தான் பழக்கியிருந்தார். கடைசி இழுப்பை மண்டபக் கூரை வரை கொண்டுபோய் இறக்கினாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் அவளுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. பேச்சுகள், பிள்ளைகளின் பாட்டு, பாட்டு நடுவில் ஒருவன் வயிறு சத்தமாக உறுமியதும் எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டதும். மூக்கோடு மூக்கு ஒற்றும் வரிசையில் கரரைனா கிழவி அவளைச் சீக்கிரம் விடவில்லை.

"மாகெரே குரல்" என்றாள் கிழவி. "கடைசி எழுத்து வரைக்கும் தளராம நிக்கும் அவளுக்கு. அந்தச் சாவு அன்னைக்கும் அப்படித்தான் நின்னுச்சு. உனக்கும் நிக்குது."

மரியாதைக்குச் சொல்கிறாள் என்று பாரெகூரா நினைத்துக்கொண்டாள். அவள் கவலை வேறு. உடைந்ததா, உடையவில்லையா? மகள் நிறுத்தியதற்கும் தான் எடுத்ததற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? கிழவியைக் கேட்க வாய் வரவில்லை. ஆனால் அவளுக்கே தெரியும். பாத்திரச் சத்தம் கேட்டதே, அது அடங்கியதும் கேட்டதே.

சாப்பாட்டு மண்டபத்தில் பன்றி எலும்பும் கீரையும் வெந்த வாசனை, பொரித்த ரொட்டி மலைபோல் குவிந்து கிடந்தது. தீபெனே இரண்டு கையிலும் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தான். வைமாரியேவைக் காணோம். சமையற்கட்டுக்குப் பின்னால் கை கழுவும் குழாயடியில் குந்தி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அழுது முடித்த கண்.

"சாப்பிட வரல?"

"அம்மா." பெண் நிமிர்ந்தாள். "உடைஞ்சிருச்சா?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத. எனக்கு வார்த்த வரல. வாயைத் தொறந்தேன், ஒண்ணுமே வரல. எல்லாருக்கும் கேட்டிருக்கும்." அவள் உதடு கோணியது. "தீபெனேவுக்கு ஏதாவது ஆயிடுமாம்மா? எருவேரா மாமா மாதிரி?"

பதினொரு வயதுப் பெண் சுமக்கிற கேள்வியா இது? ஆமாம் என்று சொன்னால் இந்தப் பெண் இனி ஒவ்வொரு மழைக்கும் விழித்திருப்பாள். தம்பி கண்ணில் படாத ஒவ்வொரு நிமிஷமும் செத்துப் பிழைப்பாள். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பாரெகூராவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யோசிக்காமல் வாய் முந்திக்கொண்டது.

"நீ எங்கடி உடைச்ச? நீ மூச்சு வாங்கத்தான் நின்ன. அதுக்குள்ள நான் குறுக்க வந்துட்டேன். நான்தான் அவசரப்பட்டுட்டேன். என் தப்பு."

சொல்லி முடித்ததும்தான் அந்தப் பேச்சு அவள் காதிலேயே விழுந்தது. நான்தான் அவசரப்பட்டுட்டேன். என் தப்பு. இதை இதே மண்டபத்துச் சாப்பாட்டு மேசையில் வேறு ஒரு வாயிலிருந்து அவள் கேட்டிருக்கிறாள்.

மாகெரேயின் மூச்சு அன்றைக்குத் தீரவில்லை. கரரைனா மரியாதைக்குச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். அம்மா தன் பாதியைக் கடைசி எழுத்து வரைக்கும் முழுசாகக் கூப்பிட்டு முடித்தாள். முடித்துவிட்டு, கொஞ்சமாகக் கழுத்தைத் திருப்பிக் காத்திருந்தாள். பின்னால் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி வாயைத் திறந்தபடி நின்றாள். அவளுக்குக் குரல் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. மற்றதெல்லாம் அம்மா மேசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொன்னது, அவளுக்கும் சேர்த்துச் சொன்னது. மகனை ஆறு கொண்டுபோன பிறகும் அந்தச் சொல்லை மாற்றாமல், பெண்கள் தள்ளி நின்றபோதும் மாற்றாமல், செத்தும் போய்விட்டாள்.

பாரெகூரா குழாயைப் பிடித்துக்கொண்டாள். அம்மா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. எருவேராவின் முகம் வந்தது. அந்தச் சாவு தன் கணக்கில்தான் என்பதும் வந்தது.

"என்னம்மா?" என்றாள் வைமாரியே.

"ஒண்ணுமில்ல. கால் மரத்துப்போச்சு."

"நான் உடைக்கலதானே? நிஜமா?"

"நிஜமா. உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லப் போறேன்."

பெண்ணின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. திரும்பியதும் கூடவே கோபமும் வந்தது.

"அப்ப எதுக்குக் குறுக்க வந்த? நான் முழிச்சிட்டு நின்னேன்னு எல்லாரும் நெனச்சிருப்பாங்க."

"தப்புதான்."

"அடுத்த தடவ முழுசும் நானே கூப்பிடறேன். நீ பின்னால நிக்கக் கூடாது."

"சரி. நிக்கல."

தூறல் விட்டிருந்தது. சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் துண்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குக் கீழே ஆற்றுப் பள்ளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹோஹெப்பா ஏற்கெனவே அங்கே நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். தீபெனே கதவோரம் வந்து நின்று, வழக்கம்போல் எதுவும் கேட்காமல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வைமாரியே அவனைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"ஒண்ணும் உடையலன்னா, இவனையும் கூட்டிட்டுப் போகவா?"

பாரெகூராவுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் துடித்தது. பெண் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"கூட்டிட்டுப் போ" என்றாள். "கையை மட்டும் விடாத."

தீபெனே நம்பாமல் ஒரு தடவை அவளைப் பார்த்தான். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினான். பாரெகூரா காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரியாமல் பின்னாலேயே நடந்தாள்.